வீட்டு அயர்ன் ஃபில்டர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போர் தண்ணீரில் இரும்பு இருக்கிறதென்று ஃபில்டர் பொருத்திய வீடுகளில் திரும்பத் திரும்ப எழும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். மோட்டாருக்கும் மேல்தொட்டிக்கும் நடுவில் நிற்கும் வகை ஃபில்டரைப் பற்றியே பேச்சு: ஆளுயர எஃப்.ஆர்.பி. வெசல் (கண்ணாடியிழைத் தொட்டி), உள்ளே மீடியா (இரும்பைப் பிடிக்கும் மணிகள்), தலையில் மல்டிபோர்ட் வால்வு (தண்ணீர் போகும் வழியை மாற்றும் கைப்பிடி வால்வு). கணக்குகள் எல்லாம் 10 அங்குல விட்டமும் 54 அங்குல உயரமும் உள்ள வெசலுக்கு, அதாவது ஏறக்குறைய 30 முதல் 40 லிட்டர் மீடியா பிடிக்கும் அளவுக்கு. 'ஃபில்டர் கெட்டுப்போச்சு' என்று கழற்றப்படுபவற்றில் பெரும்பாலானவற்றின் மீடியா நன்றாகவே இருக்கும். பிடித்த அழுக்கு வெளியேறாமல் உள்ளேயே தங்கிப்போனதுதான் கோளாறு. அதனால் 6ஆம் கேள்வியை மட்டுமாவது முழுதாகப் படியுங்கள்.

1. பிடிக்கும்போது கண்ணாடி மாதிரி இருக்கிற தண்ணி கொஞ்ச நேரத்துல எப்படி மஞ்சளாகுது?

நிலத்தடியில் காற்றுப் படாத ஆழத்தில் இரும்பு, உப்பு கரைந்திருப்பது போலக் கண்ணுக்குத் தெரியாமல் கரைந்திருக்கும். வெளியே வந்து ஆக்சிஜன் பட்டதும் துருவாக மாறும். முதலில் தண்ணீர் மஞ்சளிக்கும், பிறகு கலங்கும், கடைசியில் அடியில் செம்மண் போலப் படியும். லிட்டருக்கு 0.3 மி.கி. தாண்டினாலே துணியிலும் தரையிலும் கறை தெரிய ஆரம்பித்துவிடும்.

ஃபில்டருக்கு இரண்டு வேலைகள். கரைந்த இரும்பைத் துருவாக்குவது ஒன்று, அந்தத் துருவைப் பிடித்து நிறுத்துவது இன்னொன்று. முதல் வேலையை விரைவுபடுத்தத்தான் மீடியாவில் மாங்கனீசு டை ஆக்சைடு இருக்கிறது. கோளாறு வரும்போது இந்த இரண்டில் எது நின்றுபோனது என்பதைத்தான் முதலில் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கான வழி 8ஆம் கேள்வியில் இருக்கிறது.

2. இந்தத் தண்ணிய இத்தனை நாளா குடிச்சிருக்கோமே, உடம்புக்கு ஏதாவது ஆகுமா?

குடிநீரில் வழக்கமாகக் காணப்படும் இரும்பு அளவுக்கு உலக சுகாதார நிறுவனம் உடல்நலம் சார்ந்த உச்சவரம்பு எதையும் வைக்கவில்லை. தொல்லை கறையிலும் சுவையிலும்தான். உடலில் இரும்பு சேரும் நோய் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். ஆனால் ஒன்று: அயர்ன் ஃபில்டர் கிருமிகளைக் கொல்லாது. தெளிவாக வருகிறது என்பதற்காக அதைக் குடிநீர் ஃபில்டராக நினைத்துவிடக் கூடாது.

3. ஃபில்டருக்கு முன்னாடியும் பின்னாடியும் டி.டி.எஸ். ஒரே மாதிரிதான் காட்டுது. ஏமாந்துட்டோமா?

இல்லை. லிட்டருக்கு 3 மி.கி. இரும்பு என்பது வீட்டையே காவியாக்கும் அளவு. ஆனால் கரைந்த உப்புகளை மொத்தமாகக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் 600 காட்டும்போது அது இரண்டு மூன்று எண் வித்தியாசம்கூடத் தராது. உப்பும் கடினத்தன்மையும் இந்த ஃபில்டரில் குறையாது, குறைய வேண்டியதும் இல்லை. இரும்பைத் தெரிந்துகொள்ள இரும்புக்கான சோதனைக் கிட்தான் வேண்டும்.

4. பேக்வாஷ் எத்தனை நாளைக்கு ஒரு தடவை?

பேக்வாஷ் என்பது தண்ணீரைக் கீழிருந்து மேலாகத் திருப்பிவிட்டு மீடியாவைக் கழுவுவது. லிட்டருக்கு 3 மி.கி. இரும்புள்ள தண்ணீர் நாளொன்றுக்கு 1000 லிட்டர் ஓடினால் தினமும் 3 கிராம் இரும்பு மீடியாவில் தங்கும். துருவாக மாறும்போது அது ஏறக்குறைய இரு மடங்கு எடையாகி, தண்ணீரை உறிஞ்சிக் கூழ்போல ஊதிக்கொள்ளும். இந்த அளவு ஓட்டத்துக்கு இரண்டு நாளைக்கு ஒருமுறை கழுவுவது நல்லது. இரும்பு 1 மி.கி. அளவில் இருந்தால் வாரம் இருமுறை போதும். 5 மி.கி. தாண்டினால் தினமும் கழுவ வேண்டும்.

இன்னும் பத்து நாள் தாங்குமே என்று தள்ளிப்போடத் தோன்றும். தாங்கும், ஆனால் பத்து நாள் இறுகிய துரு ஒரே கழுவலில் போகாது. மீடியா மணிகளை அது ஒன்றோடொன்று ஒட்டிவிடும்.

5. பேக்வாஷ் பண்ற முறை என்ன? வால்வைத் திருப்பிவிட்டா போதுமா?

மோட்டாரை நிறுத்திய பிறகுதான் கைப்பிடியைத் தொட வேண்டும். அழுத்தத்தோடு திருப்பினால் உள்ளிருக்கும் கேஸ்கெட் மடங்கும் அல்லது கிழியும். 12ஆம் கேள்விக்குக் காரணமே பெரும்பாலும் இதுதான்.

நிறுத்தி, பேக்வாஷுக்குத் திருப்பி, மோட்டாரைப் போட்டு டிரெய்ன் குழாயின் (கழிவுநீர் வெளியேறும் குழாய்) வாயில் ஒரு வெள்ளைக் குவளையைப் பிடித்துப் பாருங்கள். முதல் சில நொடிகள் லேசான மஞ்சளாக வரும். படுகை (மீடியா மணிகளின் அடுக்கு) எழும்பியதும் செங்கல்லைக் கரைத்த மாதிரி கெட்டியாக வரும். பிறகு மெல்ல மெல்ல வெளுக்கும். குவளையின் அடி தெளிவாகத் தெரியும்வரை விட வேண்டும். 10 முதல் 15 நிமிடம் ஆகும். செங்கல் நிறம் வராமல் கடைசிவரை வெறும் மஞ்சளாகவே வந்தால் படுகை எழும்பவில்லை என்று பொருள்.

பிறகு மீண்டும் நிறுத்தி, ரின்ஸ் நிலையில் (மேலிருந்து கீழாக அலசி டிரெய்னில் விடும் நிலை) 3 முதல் 5 நிமிடம். இதைத் தவிர்ப்பவர்கள் நிறைய. ரின்ஸ் விடாமல் ஃபில்டர் நிலைக்குப் போனால் வெசலின் அடியில் நிற்கும் கலங்கல் நேராக மேல்தொட்டிக்குப் போகும். டிரெய்ன் குழாயைச் சாக்கடைக்குள் புதைக்காமல் வாய் கண்ணுக்குத் தெரியும்படி விட்டுவையுங்கள். பார்க்க முடியாத பேக்வாஷை நம்பவும் முடியாது.

6. சொன்னபடி பதினைந்து நிமிஷம் பேக்வாஷ் விடறேன். ஆனாலும் ரெண்டே நாள்ல பழையபடி மஞ்சள். மீடியா போயிடுச்சா?

மீடியாவைக் குறை சொல்வதற்கு முன் ஓட்டத்தை அளந்து பாருங்கள். பேக்வாஷில் தண்ணீர் கீழிருந்து மேலே போகிறது. மணிகளைத் தூக்கி, ஒன்றோடொன்று உரசவைக்கும் வேகம் அதற்கு இருக்க வேண்டும். வேகம் குறைந்தால் தண்ணீர் மணிகளுக்கு இடையே வழுக்கிக்கொண்டு மேலே போய்விடும், அழுக்கு இருந்த இடத்திலேயே இருக்கும். நேரத்தைக் கூட்டி இதை ஈடுகட்ட முடியாது. மெதுவான ஓட்டத்தில் ஒரு மணி நேரம் விட்டாலும் பலன் இல்லை.

அளப்பது எளிது. பேக்வாஷ் ஓடும்போது 20 லிட்டர் வாளியை டிரெய்ன் வாயில் வைத்து நொடியைக் கணக்கிடுங்கள். மாங்கனீசு டை ஆக்சைடு மேற்பூச்சு உள்ள லேசான மீடியாவுக்கு 10 அங்குல வெசலில் நிமிடத்துக்கு 25 லிட்டராவது வேண்டும், அதாவது வாளி 48 நொடிக்குள் நிறைய வேண்டும். முழுக்க மாங்கனீசு தாதுவாலான கனமான கறுப்பு மீடியாவுக்கு 50 முதல் 60 லிட்டர் தேவை. வாளி 20 முதல் 24 நொடியில் நிறைய வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீர் மணிகளைத் தூக்குவதில் குளிர்ந்த தண்ணீரைவிடச் சற்றுப் பலவீனமானது. வெயில் காலத்தில் கொஞ்சம் கூடுதலாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆழமான போரில் சின்ன மோட்டார் நிமிடத்துக்கு 40 லிட்டர்தான் தருகிறது, உள்ளே இருப்பதோ கனமான மீடியா என்றால் அந்த ஃபில்டர் முதல் நாளிலிருந்தே சரியாகக் கழுவப்படவில்லை. இதற்கு வழிகள் உண்டு. லேசான மீடியாவுக்கு மாறலாம். 8 அங்குல வெசலுக்கு மாறினால் பரப்பு மூன்றில் இரண்டு பங்காகக் குறைவதால் தேவையான ஓட்டமும் அதே அளவு குறையும். தண்ணீர் அதிகம் வேண்டுமென்றால் 8 அங்குல வெசல்கள் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொன்றாகக் கழுவலாம். அல்லது சம்ப்பிலிருந்து பேக்வாஷுக்கென்று தனி மோட்டார் வைக்கலாம். வெசல் பெரிதானால் நல்லது என்ற எண்ணம்தான் இங்கே அதிகம் கெடுக்கிறது.

7. மேல்தொட்டித் தண்ணிய வச்சே பேக்வாஷ் பண்ணலாமா? மோட்டார் ஓட்ட வேண்டாமே.

வெசலுக்கு மேலே 4 மீட்டர் உயரத்தில் தொட்டி இருந்தால் கிடைக்கும் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 0.4 கிலோதான். வால்வையும் குழாய் வளைவுகளையும் தாண்டி வருவதற்குள் அதில் பெரும்பகுதி கரைந்துவிடும். வாளிச் சோதனையில் தேறினால் செய்யலாம், ஆனால் பெரும்பாலும் தேறாது.

8. ஃபில்டர்லேர்ந்து தெளிவாத்தான் வருது. தொட்டியில நின்னா மஞ்சளாயிடுது. எங்க தப்பு?

உள்ளே இருப்பது தெரியும் நிறமில்லாத பாட்டில்கள் மூன்று எடுங்கள். ஒன்றில் ஃபில்டருக்கு முன், ஒன்றில் ஃபில்டருக்குப் பின், ஒன்றில் வீட்டுக் குழாயில் பிடித்து, வெள்ளைத் தாளின் மீது நிறுத்தி இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள். ஃபில்டருக்குப் பின் பிடித்தது தெளிவாகவே நின்று, குழாயில் பிடித்தது மட்டும் மஞ்சளாக இருந்தால் ஃபில்டர்மேல் குற்றமில்லை. மேல்தொட்டியின் அடியில் கிடக்கும் பழைய வண்டலோ துருப்பிடித்த ஜி.ஐ. குழாயோதான் காரணம். ஃபில்டர் பொருத்திய அன்றே தொட்டியைக் கழுவாத வீடுகளில் இது சகஜம்.

பின்னால் பிடித்தது முதலில் தெளிவாக இருந்து பிறகு மஞ்சளானால், கரைந்த இரும்பு மாறாமல் அப்படியே கடந்து வருகிறது. அதாவது 1ஆம் கேள்வியில் சொன்ன முதல் வேலை நடக்கவில்லை. இதற்கு மூன்று காரணங்கள் உண்டு. பி.எச். (தண்ணீரின் அமில, காரத் தன்மையின் அளவு) 6.8-க்குக் கீழே இருந்தால் இரும்பு துருவாக மாறும் வேகம் வெகுவாகக் குறையும். ஆழத்துத் தண்ணீரில் ஆக்சிஜன் இல்லாவிட்டால், ஆக்சிஜனை நம்பி வேலை செய்யும் மீடியா சும்மா நிற்கும். அதற்கு ஃபில்டருக்கு முன் காற்றுக் கலக்கும் வென்சுரியோ, ஷவர் போலத் தெளித்து விழும் சம்ப்போ வேண்டும். மூன்றாவது, அதிவேக ஓட்டம். லேசான மீடியா நிரப்பிய 10 அங்குல வெசலில் நிமிடத்துக்கு 10 முதல் 15 லிட்டர்தான் ஓடலாம்.

இங்கே ஒரு முரண்பாடு இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். பேக்வாஷுக்கு வேகம் வேண்டும், வடிகட்டும்போது வேகம் கூடாது. வெளியேறும் குழாயில் ஒரு வால்வு வைத்துக் குறைக்கலாம். ஆனால் அழுத்தம் வெசலிலும் மல்டிபோர்ட்டிலும் குறிப்பிட்டிருக்கும் உச்சத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் மிச்சத் தண்ணீரைச் சம்ப்புக்கோ போருக்கோ திருப்பிவிடும் பைபாஸ் தேவை.

9. எங்க வீட்டுல ஃபில்டர்லேர்ந்து வரும்போதே செம்பட்டையா வருதே?

இது நேர்மாறான கோளாறு. துரு உண்டாகிவிட்டது, ஆனால் பிடிபடவில்லை. பேக்வாஷ் முடிந்ததும் சில நிமிடங்கள் மட்டும் அப்படி வந்தால் ரின்ஸ் போதவில்லை. எப்போதுமே வந்தால் படுகை நிரம்பிவிட்டது, அல்லது இறுகிய படுகையில் தண்ணீர் ஓட்டை போட்டு ஒரே வழியாக ஓடுகிறது.

மோட்டாரை நிறுத்தி, அழுத்தத்தை வெளியேற்றி, வால்வைக் கழற்றி, நடுக்குழாயில் (வால்விலிருந்து வெசலின் அடிவரை போகும் குழாய்) இடிக்காமல் நீளமான மெல்லிய பி.வி.சி. குழாயை மீடியாவுக்குள் இறக்கிப் பாருங்கள். நல்ல படுகையில் ஈர மணலில் இறங்குவதுபோல அது சரசரவென்று இறங்கும். கட்டி இருந்தால் ஓரிடத்தில் நிற்கும், விரலுக்கே தெரியும். கட்டிகளை அதே குழாயால் மெதுவாக உடைத்துவிட்டு, தெளியும்வரை பேக்வாஷ் விட வேண்டும். அமிலம் ஊற்றிக் கரைக்கச் சொல்பவர்கள் உண்டு. மேற்பூச்சு மீடியாவில் துருவோடு சேர்ந்து பூச்சும் போய்விடும், செய்யாதீர்கள்.

10. தண்ணி மேலே ஏற நேரம் ஆகுது. அடைப்பா?

உள்ளே போகும் குழாயில் ஒன்றும் வெளியே வரும் குழாயில் ஒன்றுமாக அழுத்தமானி வைத்திருந்தால் உடனே தெரிந்துவிடும். நன்றாகக் கழுவிய படுகையில் இரண்டுக்கும் வித்தியாசம் 0.2 முதல் 0.3 கிலோ இருக்கும். அதற்குமேல் இன்னும் 0.5 கிலோ கூடினால் நாள் கணக்கைப் பார்க்காமல் பேக்வாஷ் செய்ய வேண்டும். பேக்வாஷ் முடிந்தும் வித்தியாசம் இறங்காவிட்டால் கட்டியோ, அடி ஸ்ட்ரெய்னரில் (நடுக்குழாயின் அடியில் மணிகளைத் தடுக்கும் சல்லடை) அடைப்போ இருக்கிறது.

11. கறுப்பு மணல் மாதிரி வருதே?

எங்கே வருகிறது என்பதுதான் விஷயம். டிரெய்னில் வந்தால் மீடியாவை அளவுக்கு மேல் நிரப்பியிருக்கிறார்கள் அல்லது பேக்வாஷ் ஓட்டம் மிஞ்சுகிறது. வெசல் உயரத்தில் மூன்றில் ஒரு பங்காவது மேலே காலியாக இருக்க வேண்டும். வீட்டுக் குழாயில் வந்தால் அடி ஸ்ட்ரெய்னர் உடைந்திருக்கும் அல்லது நடுக்குழாய் வால்வின் பொருத்திலிருந்து நழுவியிருக்கும். அதைப் பேக்வாஷால் சரிசெய்ய முடியாது, பிரித்தே ஆக வேண்டும். புது மீடியாவில் முதல் சில நாட்கள் மட்டும் கறுப்புத் தூள் வந்தால் பயமில்லை.

12. ஃபில்டர் நிலையில இருக்கும்போதும் டிரெய்ன் குழாயில தண்ணி சொட்டிக்கிட்டே இருக்கு.

வால்வுக்குள் இருக்கும் கேஸ்கெட்டில் மணல் துகள் சிக்கியிருக்கலாம் அல்லது அது கிழிந்திருக்கலாம். முதலில் இரண்டு முறை பேக்வாஷும் ரின்ஸும் மாற்றி மாற்றி விட்டுப் பாருங்கள். நிற்கவில்லை என்றால் மேல்மூடித் திருகுகளைக் கழற்றி, கேஸ்கெட் பள்ளத்தைத் துடைத்து, தேவையானால் புதிது போட வேண்டும். ஓ-ரிங்குகளுக்குச் சிலிக்கோன் கிரீஸ் மட்டுமே தடவ வேண்டும், வண்டி கிரீஸ் ரப்பரை ஊதவைத்துவிடும். கசிவை அலட்சியப்படுத்தாதீர்கள். அதே கேஸ்கெட் வழியாகத்தான் வடிகட்டாத தண்ணீரும் நல்ல தண்ணீரோடு கலக்கிறது.

13. பெர்மாங்கனேட் போட்டு மீடியாவைப் புதுப்பிக்கணும்னு சொல்றாங்களே?

கிரீன்சாண்ட் (மாங்கனீசு பூச்சுள்ள பச்சை மணல்) வகைக்கு மட்டும். ஒரு லிட்டர் மீடியாவுக்கு 1.5 முதல் 2 கிராம் கணக்கில், 30 லிட்டருக்கு 45 முதல் 60 கிராம் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டைப் பல லிட்டர் தண்ணீரில் படிகம் எதுவும் மிஞ்சாமல் கரைத்து, பேக்வாஷ் முடிந்த படுகை வழியாக அரை மணி நேரம் மெதுவாகச் செலுத்த வேண்டும். பிறகு இளஞ்சிவப்புச் சாயல் துளியும் இல்லாதவரை ரின்ஸ். மருந்து உறிஞ்சும் குழாய் உள்ள வால்வில்தான் இது முடியும். மூன்று நிலை (ஃபில்டர், பேக்வாஷ், ரின்ஸ்) மட்டுமே உள்ள வால்வோடு வரும் மீடியா பெரும்பாலும் இது தேவைப்படாத வகை.

கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். கிளிசரினோடும் ஸ்பிரிட்டோடும் பெர்மாங்கனேட் சேர்ந்தால் தீப்பிடிக்கும், அமிலத்தோடும் சேர்க்கக் கூடாது. தனியாக, மூடி வையுங்கள்.

14. ஃப்ளஷ் டேங்க்ல வழவழன்னு ஆரஞ்சுப் பாசி. தண்ணிமேல எண்ணெய் மாதிரி ஏடு வேற.

அந்த ஏட்டைக் குச்சியால் தொடுங்கள். உடனே கூடிக்கொண்டால் எண்ணெய். கண்ணாடிச் சில்லுபோல உடைந்து தனித்தனியாக நின்றால் இரும்புப் பாக்டீரியாவின் வேலை. அது மீடியாவைச் சளிபோல மூடிவிடும், பேக்வாஷுக்கு மசியாது. போரிலேயே குளோரின் போட வேண்டும்.

6.5 அங்குலப் போரில் ஒரு மீட்டர் நீர்மட்டத்துக்குச் சுமார் 21 லிட்டர். 50 மீட்டர் தண்ணீர் நின்றால் 1050 லிட்டர். லிட்டருக்கு 100 மி.கி. குளோரின் என்றால் 105 கிராம், அதாவது 5 சதவீத ஹைப்போகுளோரைட் திரவம் 2.1 லிட்டர். பழைய திரவம் வீரியம் இழந்திருக்கும், புதிதாக வாங்குங்கள். ஃபில்டரைப் பைபாஸ் செய்துவிட்டு, வாளித் தண்ணீரில் கலந்து போரில் ஊற்றி, மோட்டாரை ஓட்டி ஹோஸ் வழியாகத் தண்ணீரைப் போருக்கே திருப்பிவிட வேண்டும். குளோரின் வாசம் வந்ததும் நிறுத்தி 12 முதல் 24 மணி நேரம் விட்டு, வாசம் போகும்வரை வெளியே இறைத்துவிடுங்கள். சில மாதங்களில் பாசி திரும்பலாம், அப்போது மறுபடி செய்ய வேண்டும்.

15. கறை செம்பட்டையா இல்ல, கறுப்பா இருக்கு. இதுவும் இரும்பா?

பெரும்பாலும் மாங்கனீசு. இரும்போடு கூடவே வரும், ஆனால் பிடிபட அதைவிட அதிக பி.எச். வேண்டும். இரும்பு போய்க் கறுப்பு மட்டும் மிஞ்சினால் பி.எச். பாருங்கள்.

16. வெள்ளைத் துணியில விழுந்த கறைக்கு பிளீச்சிங் போட்டா இன்னும் மோசமாகுதே, ஏன்?

தண்ணீரில் கரைந்திருக்கும் மிச்ச இரும்பையும் குளோரின் துருவாக்கி நூலிழையில் பதித்துவிடுகிறது. துருக் கறைக்கு வேண்டியது சிட்ரிக் அமிலமோ ஆக்சாலிக் அமிலமோதான். ஆக்சாலிக் நஞ்சு, கையுறை போட்டு, நன்றாக அலச வேண்டும். அமிலத்தையும் பிளீச்சிங்கையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள், நச்சு வாயு கிளம்பும்.

17. மீடியாவை எப்போ மாத்தணும்? நாமே மாத்தலாமா?

ஆண்டுக் கணக்கை வைத்து மாற்ற வேண்டியதில்லை. வாளிச் சோதனை சரி, பி.எச். சரி, ஆக்சிஜன் இருக்கிறது, கட்டி இல்லை, கேஸ்கெட் நன்றாக இருக்கிறது, ஆனாலும் கரைந்த இரும்பு தாண்டி வருகிறதென்றால் பூச்சு தேய்ந்துவிட்டது. அப்போது மாற்றுங்கள்.

இருவர் இருந்தால் செய்யலாம். பழையதை வாரிய பின் ஸ்ட்ரெய்னரையும் நடுக்குழாயையும் பார்த்து, குழாயின் வாயை டேப் ஒட்டி மூடுங்கள். வெசலில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் விட்டு, அதன்மேல் கூழாங்கல்லை இறக்குங்கள். வெறும் வெசலில் கொட்டினால் ஸ்ட்ரெய்னர் உடையும். பிறகு மீடியா. நடுக்குழாய் நிமிர்ந்து நிற்கிறதா என்று அடிக்கடி பார்த்துக்கொள்ளுங்கள், சாய்ந்த பிறகு நிமிர்த்த முடியாது. இரவு முழுக்க ஊறவைத்து, மறுநாள் முதலில் மெதுவாக ஓடவிட்டுக் காற்றை வெளியேற்றி, பிறகு முழு வேகத்தில் அரை மணி நேரம் பேக்வாஷ்.

18. ஒரு மாசம் வீடு பூட்டியிருக்கும். ஃபில்டரை என்ன பண்றது?

கிளம்பும் நாளில் முழு பேக்வாஷ், ரின்ஸ். திரும்பியதும் முதல் தண்ணீரைத் தொட்டிக்கு ஏற்றாமல் மறுபடி பேக்வாஷ். அழுக்கோடு நின்ற படுகை இறுகும், நாறும்.

19. எங்ககிட்ட சாஃப்ட்னரும் ஆர்.ஓ.வும் இருக்கு. அயர்ன் ஃபில்டர் எதுக்கு?

அவை இரண்டையும் காப்பாற்றத்தான். கடினத்தன்மையைக் குறைக்கும் சாஃப்ட்னரின் ரெசின் மணிகளில் துரு படிந்தால் உப்பால் போகாது. ஆர்.ஓ. மெம்பிரேனிலும் துரு ஒட்டிக்கொள்ளும். அயர்ன் ஃபில்டர் முதலில், சாஃப்ட்னர் அடுத்தது, ஆர்.ஓ. கடைசியில்.

20. எல்லாம் சரிபார்த்தாச்சு. தண்ணி மட்டும் லேசான மஞ்சளாவே இருக்கு, படியவும் மாட்டேங்குது.

ஒரு நாள் முழுக்க வைத்தும் அடியில் எதுவும் படியாமல் நிறம் மட்டும் நின்றால், இலைதழை மக்கிய கரிமப் பொருளோடு இரும்பு பிணைந்திருக்கக் கூடும். அது மீடியா மணிகளுக்குப் பிடிபடாது. மீடியாவை மாற்றிச் செலவழிப்பதற்கு முன் ஆய்வகத்தில் தண்ணீரைக் கொடுங்கள். மொத்த இரும்பு, கரைந்த இரும்பு, மாங்கனீசு, பி.எச்., கரிமப் பொருள் ஆகிய ஐந்தையும் கேளுங்கள்.

பாட்டிலில் காத்திருக்கும்போதே இரும்பு துருவாகிச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். அதனால் ஆய்வகத்திலேயே அமிலம் சேர்த்த பாட்டிலை வாங்கிக்கொள்ளுங்கள். கரைந்த இரும்புக்கும் பி.எச்.சுக்கும் அமிலமில்லாத இன்னொரு பாட்டிலைக் காற்று இல்லாமல் விளிம்புவரை நிரப்பி, பிடித்த அன்றே சேர்த்துவிட வேண்டும். தண்ணீரை ஃபில்டருக்கு முன்னால் உள்ள குழாயில், மோட்டார் பத்து நிமிடம் ஓடிய பிறகு பிடியுங்கள்.